தனுஷ்கோடிப் புகைவண்டி நிலையமும் நம்மவர் சென்ற கடல்வழியும்

கொல்லிமலையில் இருப்புப்பாதை இல்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கிப் பழகிய நம் அன்பர்க்கு இஃது ஒரு புதுச் செய்தி அன்று. மலையினின்று இறங்கிக் காரவள்ளி அடிவாரத்தை அடைந்து, சேந்தமங்கலம் வழியே நாமக்கல் சேர்ந்தாலன்றி வண்டியின் ஊதலொலி நம் செவியில் விழாது. அந்த நாமக்கல்லுக்கும் சேலம்-கரூர்ப் பாதை வந்து சேர்ந்தது 2013ஆம் ஆண்டிலேதான். அங்ஙனமிருக்க, மலைமேல் பள்ளிக்கூடமொன்றில் தமிழ் கற்பிக்கும் யாம், நெடுந்தொலைவில் கடற்கரை மணலில் அழிந்துபோன ஒரு புகைவண்டி நிலையத்தைப் பற்றி நம் சங்க இதழில் எழுதப் புகுந்தது என்னையோ என்று அன்பர்கள் வினவுதல் கூடும். காரணத்தை முதற்கண் கூறிவிடுகின்றோம்.

சென்ற ஆடித் திங்களில் ஒருநாள், ஒன்பதாம் வகுப்பு மாணாக்கர்க்கு ஊர்ப்பெயர்களின் பொருள் விளக்கிக்கொண்டிருந்தோம். தனு என்பது வில். கோடி என்பது நுனி. எனவே தனுஷ்கோடி என்பது வில்லின் நுனி எனப் பொருள்படும் என்றும், இலங்கைக்கு இட்ட அணையை இராமபிரான் தம் வில்லின் நுனியால் உடைத்த இடம் என்பது அவ்வூரார் வழங்கும் கதை என்றும் சொன்னோம். வல்வில் ஓரி ஆண்ட மலையில் பிறந்த பிள்ளைகளுக்கு வில் என்றால் ஓர் ஊக்கம் பிறக்கும் என்பது எமது பழக்கமான எண்ணம். அன்று ஊக்கம் பிறந்தது வேறொரு வகையில். பின்வரிசையில் இருந்த மாணாக்கன் ஒருவன் எழுந்து, “ஐயா, எங்கள் தாத்தாவின் அப்பாவைக் கைக்குழந்தையாக அந்த ஊரில்தான் ரயிலைவிட்டு இறக்கிக் கப்பலில் ஏற்றினார்களாம்” என்றான். வகுப்பிலிருந்தோர் சிரித்தனர். இராமேசுவரம் போய் வந்த பிள்ளை ஒருவன், அங்கே ரயிலும் இல்லை, கப்பலும் இல்லை, இடிந்த கோயிலும் மணலுமே உள என்று மறுத்துரைத்தான். முதலில் எழுந்தவன் மறுமொழி கூறாது அமர்ந்தான். மறுநாள் பழைய துணியில் சுற்றிய ஓர் அட்டையைக் கொணர்ந்து எம் மேசைமேல் வைத்தான்.

அஃது இலங்கையினின்று தாயகம் திரும்பியோர்க்குக் கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகத்தார் வழங்கிய குடும்ப அட்டை. ஆண்டு 1972. தலைவர் பெயரும், மனைவி பெயரும், மக்கள் நால்வர் பெயரும் வயதும் அதில் எழுதப்பட்டிருந்தன. நால்வருள் பத்து வயதுச் சிறுவனாகக் குறிக்கப்பட்டவரே இம்மாணாக்கனுடைய தாத்தா. அவரை அவ்வாரமே சென்று கண்டோம். அவர் கூறியவற்றைப் பின்னே உரைப்போம். அவரிடம் கேட்ட பிறகே, நம் சுற்றுப்புறத்துக் குடும்பங்கள் பலவற்றின் கதை அம்மணல் திட்டின் வழியாகச் சென்று திரும்பிய கதை என்பது எமக்கு விளங்கிற்று.

இனி அந்நிலையத்தின் வரலாறு.

பாம்பனுக்கு முன்பு, இலங்கைக்குச் செல்லும் பெருவழி தூத்துக்குடியாகவே இருந்தது. 1876ஆம் ஆண்டு தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்தபின், சென்னையிலிருந்து அங்கு வரை வண்டியிலும், அங்கிருந்து கொழும்பு வரை நீராவிக் கப்பலிலும் மக்கள் சென்றனர். கடற்செலவு நெடியது, அலையும் கொடியது. எனவே மண்டபத்திற்கும் மன்னாருக்கும் இடையிலுள்ள குறுங்கடலைக் கடக்கும் வழியைத் தென்னிந்திய இருப்புப்பாதைக் கம்பெனியார் நாடினர். மதுரையிலிருந்து மண்டபம் வரை 1902ஆம் ஆண்டில் பாதை அமைந்தது. பாம்பன் கால்வாயின்மீது பாலம் கட்டும் வேலை 1911இல் தொடங்கி, 1914ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாள் அப்பாலம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமுள்ள அதன் நடுவே, ஷெர்சர் என்னும் அமெரிக்கர் வகுத்த முறையில், கப்பல் வருங்கால் இருகை விரித்தாற்போல மேலெழும் தூக்குக் கண்ணொன்று இருந்தது. இருபுறமும் ஆட்கள் நின்று நெம்புகோலைச் சுற்றியே அதனைத் திறந்தனர் என்பதை இக்காலத்துப் பிள்ளைகள் நம்ப மறுக்கின்றனர்.

இங்கே அன்பர்கள் உற்று நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. இன்று இராமேசுவரத்துக்கு வண்டி ஏறுவோர், பாம்பனைக் கடந்த பாதை திருக்கோயிலை நாடியே போடப்பட்டது என எண்ணுவர். உண்மை அதுவன்று. தலைப்பாதை பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கே சென்றது. அதன் நீளம் ஏறத்தாழ 15 மைல். இராமேசுவரமோ பாம்பனில் பிரிந்த கிளைப்பாதையின் முடிவில் இருந்தது. காசிக்கு நிகரான தலத்தைக் கிளையாகவும், மணல்மேட்டுச் சிற்றூரைத் தலையாகவும் கம்பெனியார் வைத்ததன் கருத்து யாது? தனுஷ்கோடிக்காகத் தனுஷ்கோடி நிலையம் கட்டப்படவில்லை. தலைமன்னாருக்காகவும், அதற்கப்பாலிருந்த கொழும்புக்காகவும், கண்டிச் சீமையின் தேயிலைத் தோட்டங்களுக்காகவும் அது கட்டப்பட்டது. இதனை மறந்துவிட்டு அந்நிலையத்தை மீட்பது பற்றிப் பேசுவோர், கிணற்றை மறந்து ஏற்றத்தைப் பேசுவோரை ஒப்பர் என்பது எமது துணிபு.

அக்கரையில் இலங்கை அரசினரும் அதே 1914ஆம் ஆண்டில் மதவாச்சியிலிருந்து தலைமன்னார்த் துறை வரை பாதை முடித்தனர். இடையிலிருந்த ஏறத்தாழ 22 மைல் கடலைக் கர்சான், எல்ஜின், ஹார்டிங் எனப் பெயரிய நீராவிக் கப்பல்கள் கடந்தன. சென்னை எழும்பூரில் சீட்டு வாங்கியவர் அதே சீட்டைக்கொண்டு கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கலாம். அவ்வண்டியை மக்கள் போட் மெயில் என்றனர். வண்டி நிலையத்தைக் கடந்து துறைமேடை வரை சென்று நின்றது. இறங்கியவர் சில அடி நடந்து கப்பலில் ஏறினர். துறைமேடையை அடுத்துச் சுங்கச் சாவடியும், அஞ்சல் நிலையமும், மருத்துவமனையும், பள்ளிக்கூடமும், மாதா கோயிலும், விடுதிகளும், இருப்புப்பாதை ஊழியர் குடியிருப்பும் எழுந்தன. வடக்கே வங்கக்கடலை அமைதி பற்றிப் பெண்கடல் என்றும், தெற்கே மன்னார்க்கடலை அதன் சீற்றம் பற்றி ஆண்கடல் என்றும் அங்குள்ள பரதவர் வழங்குவர். அவ்விரண்டுக்கும் இடையே அகலம் குறைந்த மணற்பட்டையில் ஒரு நகரம் நடந்தது. பாதையின்மீது மணல் வந்து மூடுவதும், ஆட்கள் அதனை வாரிக் கொட்டுவதும் அங்கே நாள்தோறும் நிகழ்ந்த வேலை.

நிற்க. அவ்வண்டியில் முதல் வகுப்பில் சென்ற துரைமாரையும் வணிகரையும் பற்றி எழுதியோர் பலர். கடைசிப் பெட்டிகளில் சென்றோரைப் பற்றி யாம் எழுதவேண்டும், அவர்களே நம்மவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்டக் கூலிக்குச் சென்றோர் மன்னாரில் கரையேறி, அங்கிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தனர். வாந்திபேதியாலும் பட்டினியாலும் வழியில் இறந்தோர் எண்ணிறந்தோர். அவ்வழி மூடப்பட்டபின் தூத்துக்குடி வழியும், 1914க்குப் பின் தனுஷ்கோடி வழியும் பயன்பட்டன. இலங்கைத் தோட்டத் துரைமார் நடத்திய ஆள்திரட்டும் கழகத்தின் இந்தியத் தலைமை அலுவலகம் நம் திருச்சிராப்பள்ளியிலேயே இருந்தது. அஃது அங்கே இருந்ததற்குக் காரணம் உண்டு. திருச்சிராப்பள்ளி, சேலம் ஆகிய மாவட்டங்கள் மழை பொய்த்த ஆண்டுகளில் ஆட்களை அள்ளித்தரும் வயல்களாக அவர்கள் கண்ணுக்குப் பட்டன. நாமக்கல் வட்டமோ ஒருகால் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தும் ஒருகால் சேலம் மாவட்டத்தும் மாறி மாறி நின்றது. எம்மருங்கு நின்றாலும் கங்காணியின் கண்ணுக்குத் தப்பவில்லை.

கங்காணி என்பான் பெரும்பாலும் அவ்வூரானே. முன்பணம் தருவான்; கடனை அடைப்பான்; “கண்டியில் தேங்காயும் மாசியும் தெருவில் கிடக்கும்” என்பது போன்ற சொற்களைக் கூறுவான். அவன் திரட்டிய ஆட்களின் கழுத்தில் எழுத்தும் எண்ணும் பொறித்த தகர வில்லையொன்று கட்டப்படும். அதுவே சீட்டு. அதைக் காட்டினால் வண்டிக்கும் கப்பலுக்கும் காசு கேளார். தோட்டத்தின் கணக்கில் அச்செலவு எழுதப்படும். அங்ஙனம் சென்றோரை மண்டபத்தில் இறக்கி, இலங்கை அரசினர் இந்திய மண்ணிலேயே நடத்திய தொற்றுத்தடை முகாமில் சில நாள் நிறுத்தி, நோயில்லை என்று கண்டபின் தனுஷ்கோடிக்கு அனுப்பினர். துரைமாருக்கு இம்முகாம் இல்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

எம் மாணாக்கனின் தாத்தா கூறியதை இவ்விடத்தே உரைப்போம். அவருடைய பாட்டனார் துறையூர்ப் பக்கத்து மலையடிவாரச் சிற்றூரினர். 1930களில் ஒரு பஞ்ச காலத்தே, மனைவியோடும் கைக்குழந்தையோடும் முசிறி வரை நடந்து, பரிசலில் காவிரியைக் கடந்து, குளித்தலையில் வண்டி ஏறினாராம். திருச்சிராப்பள்ளியில் இறங்கிக் கங்காணியின் கூட்டத்தோடு சேர்ந்து, மானாமதுரை வழியாக மண்டபம் சென்றார். முகாமில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டமையால் மற்றவர் போயும் இவர்கள் நிறுத்தப்பட்டனர். பின்பு ஒருநாள் தனுஷ்கோடியில் இறங்கியபோது, கப்பலைக் கண்ட பாட்டியார், “இதிலே ஏறினால் திரும்ப மாட்டேன்” என்று மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாராம். அவரைத் தூக்கி ஏற்றியதாகக் கதை. அவர் சொல் பலித்தது. இருவரும் அங்கே தோட்டத்து மண்ணிலேயே புதைக்கப்பட்டனர். திரும்பியது அக்கைக்குழந்தைதான், நாற்பது வயதுக்கு மேல், நான்கு மக்களோடு. இவற்றைச் சொன்னபோது அம்முதியவர் அழவில்லை. இடையிடையே, “வாத்தியாரய்யா, இதையெல்லாம் எழுதுவார்களா?” என்று மட்டும் கேட்டார்.

1939ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் முதல் நாள் தொட்டு, கூலித்தொழிலுக்காக இலங்கை செல்லுதலை இந்திய அரசினர் தடுத்தனர். அதனால் புதியோர் செல்வது நின்றதேயன்றி, சென்றிருந்தோர் வந்து போவது நிற்கவில்லை. 1948இல் இலங்கை விடுதலை பெற்ற அவ்வாண்டிலேயே இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர் நாடற்றவராயினர். பின்னர் 1964ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30ஆம் நாள், சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். 9,75,000 மக்களை இரு நாடுகள் பங்கிட்டன. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசுவது என்று முடிந்தது. ஆடுமாடு பிரிப்பதைப்போலப் பிரித்தனர் என்று சொல்லுவோர்மேல் எமக்குக் குறையில்லை.

அவ்வைந்தே கால் இலட்சம் மக்களும் எவ்வழி வருதல் வேண்டும்? தலைமன்னாரில் கப்பல் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கே காத்திருக்கும் வண்டியில் ஏறித் தத்தம் ஊர் செல்லவேண்டும். ஐம்பது ஆண்டு அவ்வழியே போய் வந்தவர்க்கு வேறு வழி தெரியாது. ஆனால் கையெழுத்திட்ட மை உலர்ந்து எட்டு வாரம் கழியுமுன் அந்நிலையம் இல்லாமற் போயிற்று.

1964ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் இரவு. அந்தமான் பக்கத்தே தோன்றிய புயல் இலங்கையின் வடபகுதியைக் கடந்து பாக்கு நீரிணைக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் செல்லும் 653ஆம் எண் பயணிகள் வண்டி, நள்ளிரவுக்குச் சற்று முன்னே பாம்பனை விட்டுப் புறப்பட்டது. 110 பயணிகளும் ஊழியர் ஐவரும் அதிலிருந்தனர் என்பது பின்னர்க் கணக்கிட்ட எண். கல்விச் சுற்றுலாவாக வந்த மாணாக்கர் சிலரும் அவருள் இருந்தனர். நிலையத்தை நெருங்கும்போது கைகாட்டி வேலை செய்யவில்லை என்றும், வண்டியோட்டி சிறிது நேரம் காத்திருந்து பின் ஊதலை ஒலித்துக்கொண்டே மெல்லச் செலுத்தினார் என்றும் கூறுவர். தெற்கே ஆண்கடலும் வடக்கே பெண்கடலும் அன்றிரவு ஒன்றாயின. எழுந்த பேரலை வண்டியை அப்படியே மூடிற்று. ஒருவரும் பிழைத்திலர்.

ஊரில் மடிந்தோர் எத்துணையர் என்பதை வரையறுத்துக் கூறுதல் அரிது. இந்தியக் கரையிலும் இலங்கைக் கரையிலும் ஆயிரத்தின் மேற்பட்டோர் இறந்தனர். தந்திக்கம்பிகள் அறுந்தமையால் வண்டி என்னாயிற்று என்பது உடனே வெளியுலகிற்குத் தெரியவில்லை. பாம்பன் பாலத்தின் உத்தரங்களுள் பெரும்பாலானவை கடலில் வீழ்ந்தன. நடுவிலிருந்த தூக்குக் கண் மட்டும் நிலைபெயராது நின்றது. அப்பாலத்தைச் செப்பனிட ஆறு திங்கள் தவணை குறிக்கப்பட்டது. அப்போது இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்துக் கொடுத்தார். பிற்காலத்தில் கொங்கண் இருப்புப்பாதையையும் தில்லி மெட்ரோவையும் அமைத்த ஸ்ரீதரன் இவரே.

பாலம் மீண்டது, தனுஷ்கோடி மீளவில்லை. மக்கள் வாழத் தகாத இடம் என்று அரசினர் அறிவித்தனர். தலைப்பாதை மணலில் புதைந்தது; கிளைப்பாதையே தலைப்பாதையாயிற்று. போட் மெயில் இராமேசுவரத்தோடு நின்றது. புயல் ஒன்றையே குறை கூறுதலும் முழு உண்மையாகாது. அதற்கு முன்னரே, 1948, 1949 ஆகிய ஆண்டுகளில், ஊரின் தென்கரை தாழ்ந்து கடலுள் மூழ்கத் தொடங்கிற்று என்று நிலவியல் அறிஞர் கூறுவர். கம்பெனியார் அங்கே நகரம் அமைத்தபோது, அலைகளின் நடுவே கடன் வாங்கிய நிலத்தில் அமைத்தனர் என்றே சொல்லவேண்டும்.

பிற நிலையங்கள் வேறு வகையாகத் தேய்வன. சென்னை இராயபுரம் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். தென்னாட்டின் முதல் புகைவண்டி 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது அங்கிருந்தே. பின்னர்ச் சென்ட்ரல் நிலையமும் எழும்பூர் நிலையமும் பெருகவே, இராயபுரத்தின் வண்டிகள் குறைந்தன. கட்டடம் மட்டும் நின்றது. 2005இல் அதனைச் செப்பமிட்டனர். அங்கே உடல் இருக்க உயிர் தளர்ந்தது. தனுஷ்கோடியிலோ உடல் போயிற்று. ஆனால் அதன் வண்டி இன்றும் ஓடுகின்றது! எழும்பூரில் மாலை புறப்பட்டுத் திருச்சிராப்பள்ளி வழியாக இராமேசுவரம் செல்லும் வண்டியை முதியோர் இன்றும் போட் மெயில் என்றே அழைப்பர். போட் எங்கே என்று கேட்பார் இலர்.

அப்போட் உடனே மறைந்துவிடவில்லை. தனுஷ்கோடி அழிந்தபின் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே இராமானுஜம் என்னும் கப்பல் ஓடிற்று. உடன்படிக்கைப்படி தாயகம் திரும்பியோர் அதிலேயே வந்தனர். தனுஷ்கோடியைக் காணாமலே இந்திய மண்ணில் கால் வைத்தனர். பின்னர் மண்டபம் முகாமில் பதிவு. முன்பு கூலிகளை நோய்க்கு அஞ்சி நிறுத்திய முகாமே, இப்போது திரும்பியோரைப் பிரித்தனுப்பும் முகாமாயிற்று. 1983ஆம் ஆண்டு இனக் கலவரத்துக்குப் பின்னே ஏதிலியர் முகாமாகவும் ஆயிற்று. 1984இல் கப்பலும் நின்றது. அக்கரையிலோ மன்னார்ப் பாதை 1990இல் போரினால் அழிந்தது. அதற்குள் நான்கு இலட்சத்தினும் மிகுதியான மக்கள் வந்துசேர்ந்திருந்தனர். நீலகிரி, கொடைக்கானல் முதலிய இடங்களுக்கு அவருட் பலர் அனுப்பப்பட்டனர். சிலர் தம் முன்னோர் ஊரைத் தேடி நம் பக்கத்துக்கு வந்தனர். வந்தவர்க்கு நம்மூரார் இட்ட பெயர் கண்டிக்காரர். அப்பெயரைக் கேட்டால் அவர்தம் பிள்ளைகள் இன்றும் தலைகுனிவர்.

இப்போது மீட்சி பற்றிய பேச்சுக்கு வருவோம். 2019ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள், இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு 17.2 கிலோமீட்டர் பாதையை 208 கோடி ரூபாயில் மீண்டும் அமைக்கக் கன்னியாகுமரியில் நடந்த விழாவில் தலைமையமைச்சர் அடிக்கல் நாட்டினார். பாம்பனில் பழைய பாலத்திற்கு அருகே கட்டிய புதிய பாலம் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. 72.5 மீட்டர் நீளமுள்ள அதன் நடுக்கண் மின்பொறியால் நேர்மேலே எழும்புகின்றது. நெம்புகோல் சுற்றும் ஆட்களுக்கு இனி அங்கே வேலை இல்லை. தனுஷ்கோடிப் பாதையோ அடிக்கல்லோடு நிற்கின்றது. 2017இல் அரிச்சல்முனை வரை நல்ல சாலை போடப்பட்டமையால் காண வருவோர் உந்துகளில் வந்து கண்டு செல்கின்றனர். 2025ஆம் ஆண்டு ஜூன் திங்களில், பூநாரைகள் வந்து தங்கும் தனுஷ்கோடிச் சதுப்பு நிலத்தைத் தமிழக அரசினர் பறவைக் காப்பிடமாக அறிவித்தனர். கடலாமைகள் முட்டையிடும் மணலும் அதுவே.

பாதை வேண்டும் என்போரும் வேண்டா என்போரும் சொல்லும் காரணங்களை யாம் நெடுநாள் சீர்தூக்கிப் பார்த்தோம். எம்மோடு பணிபுரியும் வரலாற்றாசிரியர், இழந்ததை மீட்பதே ஒரு நாட்டின் மானம் என்பார். எமக்கு அவர்பால் மதிப்புண்டு. ஆயினும் உடன்படுதல் இயலவில்லை. அந்நிலையம் நின்றது கடலைக் கடக்கும் பொருட்டு. கப்பல் இல்லாத கரைக்கு வண்டி விடுவதால் விளைவது யாது? இடிந்த மாதா கோயிலின் முன் நின்று படமெடுத்துத் திரும்புவோர் சாலையில் செல்வதற்கு மாறாக வண்டியில் செல்வர், அவ்வளவே. அதற்காகப் பறவையின் இருப்பிடத்தையும் நிலையில்லா மணலையும் இரும்பால் பிணித்தல் வேண்டுமோ?

மீட்க வேண்டியது கடவு. அக்கரையார் தம் பங்கைச் செய்துவிட்டனர் என்பதை நம்மவருட் பலர் அறியார். போரில் அழிந்த தலைமன்னார்ப் பாதையை நம் நாட்டு நிறுவனமே மீளக் கட்டிக் கொடுக்க, 2015ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14ஆம் நாள் அது திறக்கப்பட்டது. கொழும்பிலிருந்து வண்டி தலைமன்னார்த் துறை வரை வருகின்றது. நம் வண்டி இராமேசுவரம் வரை செல்கின்றது. இடையே உள்ளது ஒரு சிறு கடல். 2011இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு விட்ட கப்பல் சில திங்களிலே நின்றது. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குத் தொடங்கிய கப்பலும் இடையே நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிற்று. இராமேசுவரம்-தலைமன்னார்க் கப்பல் ஓடத் தொடங்குமாயின், இராமேசுவர நிலையத்து மேடையே பழைய தனுஷ்கோடி மேடையின் வேலையைச் செய்யும். மலையகத்தில் உறவினர் உள்ள ஏழைக் குடும்பங்கள், வானூர்திச் சீட்டுக்குக் கடன் வாங்காமல் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போய் வரும். அழிந்த நிலையம் அமைந்திருந்த இடத்தில் ஒரு கல் போதும்; அதில் அன்றிரவு வண்டியில் இறந்தோர் பெயர்கள், கிடைத்த அளவு, பொறிக்கப்படல் வேண்டும். எஞ்சி நிற்கும் சுவர்கள் ஆண்டுதோறும் உதிர்கின்றன. அவற்றைக் கட்டிக் காத்தால் அதுவே நிலையத்துக்குச் செய்யும் மரியாதை.

இனி நம் சங்கத்தாரிடம் ஒன்று கூற விரும்புகின்றோம், சிலர்க்குக் கசக்கும். நம் இதழின் பழைய தொகுதிகளைப் புரட்டிப் பார்த்தோம். நம் குலம் இன்ன மன்னன் வழிவந்தது, இன்ன கோயிலில் முதல் மரியாதை பெற்றது, இன்ன போரில் வில்லேந்தியது என்று வரைந்த கட்டுரைகள் பல உள. எமது கட்டுரையும் அவற்றுள் ஒன்று உண்டு. இப்போது படிக்குங்கால் சான்று குறைவாகவும் ஆரவாரம் மிகையாகவும் தோன்றுகின்றது. கழுத்தில் தகர வில்லை கட்டிக்கொண்டு வண்டி ஏறிய பாட்டனைப் பற்றி ஒருவரும் ஒரு வரியும் எழுதினாரிலர். சென்ற பொதுக்கூட்டத்தில் யாம் இதனைச் சொன்னபோது, பெரியவர் ஒருவர் எழுந்து, “கூலிக்குப் போனதை அச்சில் போட்டால் நாளைக்குப் பெண் கொடுப்பார்களா, பண்டிதரே?” என்று கேட்டார். அவையிலிருந்தோர் நகைத்தனர். அவர் கேட்டது நகைக்கத்தக்கதன்று. அவ்வச்சம் உண்மையான அச்சம். அதனாலேயே அக்குடும்ப அட்டை ஐம்பது ஆண்டுக்கு மேல் துணிக்குள் இருந்தது. யாம் அவர்க்கு விடையாக ஒன்றே கூறினோம். மன்னன் வழி என்பதற்கு நம்மிடம் ஓலை இல்லை; கூலிக்குச் சென்றதற்கு அரசினர் முத்திரையிட்ட ஆவணம் உள்ளது. வரலாறு எழுதப் புகுவோன் இரண்டனுள் எதனைக் கைக்கொள்வான்?

மாணாக்கனின் தாத்தா கூறிய மற்றொன்று எஞ்சியுள்ளது. 1972இல் இராமானுஜம் கப்பலில் வந்தபோது அவர் தம் தந்தையாரோடு மேல்தட்டில் நின்றாராம். விடியற்காலம். இடப்புறத்தே நீண்ட வெண்மணல் தெரிந்தது. தந்தையார் அங்கேயே நோக்கி நின்று, “இங்கே ஒரு டேசன் இருந்ததாம், என் அம்மா அதிலே உட்கார்ந்து அழுதாளாம், எங்கே அது?” என்று அருகிலிருந்த கப்பலாளைக் கேட்டாராம். அவன் கையை விரித்துக் காட்டினான். புயலைப் பற்றித் தோட்டத்தில் கேள்விப்பட்டிருந்தார். ஆயினும், ஒரு நிலையம் முழுதும் இல்லாமற்போகும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. கப்பல் துறைபிடிக்கும் வரை அவர் அம்மணலையே பார்த்துக்கொண்டிருந்தார் என்றும், தாம் பசிக்கிறது என்று சொன்னதற்கு மறுமொழி கூறவில்லை என்றும் இவர் சொன்னார்.

அவ்வட்டையின் படியொன்று சங்க அலுவலகத்தில், உரியவர் இசைவுடன், உறையிலிட்டு வைக்கப்பட்டுள்ளது. இங்ஙனம் குடும்ப அட்டை, கப்பல் சீட்டு, தோட்டத்துப் பற்றுச்சீட்டு, கடிதம் முதலியன வைத்திருக்கும் அன்பர்கள் அவற்றின் படியை அனுப்பினால், ஊரும் ஆண்டும் குறித்துத் தொகுத்து வைப்போம். பெயரை வெளியிட விரும்பாதோர் அதனையும் எழுதிவிடுக. மூலத்தை அஞ்சலில் அனுப்பற்க. மழைக்காலம், மலைப்பாதையில் தபால் நனைந்து வருகின்றது.